இருசப்பனும் நாலாவது நாக்கும்

இருசப்பன் ஓரிடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால்கூட ஒரு கால் வாசல் பக்கமாக நீட்டியிருக்கும். அவன் அம்மா எனக்கு நாத்தனார், என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்காள். "வயித்துக்குள்ளேயே நடந்துக்கிட்டிருந்தவன், வெளியே வந்தா நிப்பானா?" என்று சொல்லுவாள்.

கோலசிலாங்கூர் பக்கம் அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி, பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் வேலையாட்கள். இருசப்பன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டிப் பாசிர் பெனம்பாங்கில் மீன் இறக்கும் வேலைக்குப் போனான். கொஞ்ச நாளில் திரும்பிவிட்டான். மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அது பொய். படகு வரும் வரைக்கும் காத்திருக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பழ லோரியில் கெலிண்டானாக, அதாவது டிரைவருக்குக் கையாளாக, ஏறிக்கொண்டான். லோரி ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்த வேலை அவனுக்குப் பிடித்தது.

அந்த லோரியில்தான் மவுத் ஆர்கன் பழகினான். கோலசிலாங்கூர் டவுனில் ஒரு சீனர் கடையில் வாங்கிய பத்து ஓட்டைப் பெட்டி. பழக்குலைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வாசிப்பான். கீழே செம்மண் பாதை, முன்னால் இன்ஜின் போடும் கூப்பாடு. தான் வாசிப்பது தன் காதில் விழவேண்டுமானால் மூச்சை அடித்துத்தான் வாசிக்கவேண்டும். அவனுக்குக் கை வந்த முறை அப்படி அமைந்துவிட்டது. பிறகு லோரியை விட்டு இறங்கிப் பழம் வெட்டும் வேலைக்கு வந்தான். வாசிப்பு மட்டும் லோரியை விட்டு இறங்கவில்லை.

மவுத் ஆர்கனை எல்லோரும் ஊதுவார்கள். இவன் உள்ளே இழுப்பான். இழுக்கும்போது தாடையைக் கீழே இறக்கி, தொண்டையை ஒடுக்கி, ஒரு சுரத்தை அப்படியே சரியவிட்டு மறுபடியும் தூக்குவான். நாதஸ்வரத்தில் வருமே ஒரு குழைவு, அது அந்தத் தகரப் பெட்டியிலிருந்து வரும். கேட்கிறவர்களுக்கு நெஞ்சைப் பிசையும். பெட்டிக்குள்ளே அதிர்ந்து சத்தம் கொடுக்கும் பித்தளை நாக்குக்கு என்ன ஆகும் என்று யார் நினைத்துப் பார்த்தார்கள்?

அவனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தது நான். என் சித்தி மகள் வள்ளியம்மாவை ராசா என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் கண்ணை மூடியபோது மகள் நவமணி சின்னப் பிள்ளை. தகப்பன் கார்த்திகேசு ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்துக்கொண்டே தனி ஆளாக அவளை வளர்த்தான். நவமணி ராவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் காது கூர்மை. பக்கத்து வீட்டு அடுப்பில் குழம்பு அடிபிடிக்கப் போவதை இங்கிருந்தே சொல்லுவாள். எனக்கு ஒரு பக்கம் அவள் மகள் முறை, மறு பக்கம் இருசப்பன் மருமகன் முறை. எண்பத்திரண்டில் கல்யாணம் நடந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் மாரியம்மன் திருவிழா. எங்கள் தோட்டத்தில் அம்மன் ரதம் ஒவ்வொரு லயத்து முனையிலும், அதாவது எங்கள் வீட்டு வரிசை ஒவ்வொன்றின் முனையிலும், நிற்கும். நிற்கும் இடத்தில் இருசப்பன் ஒரு பாட்டு வாசிக்கவேண்டும், ஐயாவு உறுமி அடிக்கவேண்டும். அது அவர்கள் இருவருக்கும் உள்ள முறை. காப்புக் கட்டின வாரம் வீட்டுக்கு வீடு விளக்குத் தேய்ப்பார்கள். கோயில் விளக்குகளைத் தேய்க்கும் முறை அந்த வருஷம் நவமணிக்கு வந்திருந்தது. புளியைக் கரைத்து உட்கார்ந்தவள் கோயில் விளக்கைத் தேய்த்தாள், வீட்டு விளக்கைத் தேய்த்தாள். பிறகு சாமி மேடையில் இருசப்பன் வைத்திருந்த மவுத் ஆர்கன் கண்ணில் பட்டிருக்கிறது. அம்மன் முன்னால் வாசிக்கிற சாமான் அழுக்காக இருக்கலாமா? மூடியைக் கழற்றினாள். உள்ளே பித்தளைத் தகடு கறுத்துக் கிடந்தது. தேங்காய் நார் போட்டால் நாக்கில் சிக்கிக்கொள்ளும் என்று விரல் நுனியாலேயே புளி தடவித் தேய்த்து, அலசி, வெயிலில் காயவைத்து மாட்டிவைத்தாள். வந்து பார்த்தவன் பளபளப்பைக் கண்டு, "புதுசு கணக்கா இருக்கே!" என்று சந்தோஷந்தான் பட்டான். அதையும் நான் சொல்லவேண்டும்.

ரதம் புறப்பட்டு இரண்டாவது லயத்து முனைக்கு வந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. ஐயாவு உறுமியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இருசப்பனைச் சீண்டினான். அவர்கள் மாமன் மச்சான் முறை.

"என்னா மச்சான், பூனைக்குட்டி மாதிரி கத்துற? அம்மனுக்குக் கேக்கவேணாமா லா?"

"நீ கொஞ்சம் அடக்கி அடி மாமா, கேக்கும்."

"நான் அடக்குறதா? நீ சோறு தின்னுட்டு வா!"

கூட்டம் சிரித்தது. இருசப்பன் பெட்டியை வாயில் வைத்து இழுத்தான் பாருங்கள், கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் டிணுக்கென்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு அந்த ஓட்டையில் இழுத்தால் வெறும் காற்றுதான் வந்தது. பாட்டு நடுவில் பள்ளம் விழுந்து விழுந்து ஓடியது.

"மச்சானுக்குப் பல்லு கொட்டிப்போச்சு!" என்று ஐயாவு கத்தினான்.

எல்லோரும் சிரித்தார்கள். இருசப்பன் முகம் கறுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தான். பெண்கள் வரிசையில் நவமணி ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் இவ பண்ண வேலை! புளியப் போட்டுத் தேய்ச்சு நாக்க அறுத்துட்டா. நல்ல நாள்ல வந்து வாசிப்பக் கெடுத்துட்டா."

அம்மன் ரதத்துக்கு முன்னால், அத்தனை ஜனத்துக்கும் முன்னால் சொன்ன சொல். நவமணி தட்டைக் கீழே வைக்கவில்லை. தலையை நிமிர்த்தியபடியே நின்றாள்.

தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு சொல் போதும். மறுநாளே குழாயடியில் "புளிக்காரி" என்று பேர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் அவள் போகும்போது நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு ஓடின. திருவிழா முடிவதற்குள் விளக்கை மறுபடி தேய்க்கவேண்டும். அதற்கு அவள் கோயிலுக்குப் போனபோது வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் வீட்டம்மா விளக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நீ இரும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவளுக்கு உள்ள முறையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். காப்பு அவிழ்க்கும் வரை நவமணி ஊரிலேயே இருந்தாள். அவிழ்த்த மறுநாள் காலையில் பஸ் ஏறித் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு இருசப்பனைப் பார்க்கவேண்டுமே. பொழுது விடிந்தால் என் வீட்டு வாசலில் நிற்பான்.

"அத்தை, உப்பு இருக்கா?"

கொடுத்தால் வாங்கிக்கொண்டு போவான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவான்.

"அத்தை, தீப்பெட்டி இருக்கா?"

"ஏன்டா, ராசா பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேக்கத்தானே வந்த? வாயத் தொறந்து கேளேன்."

"எனக்கு எதுக்கு பஸ்ஸு? போனவளுக்கு வரத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு நடப்பான். நடந்தால் லயத்தைச் சுற்றி, ஆலைச் சாலை வரைக்கும் போய், மறுபடி லயத்தைச் சுற்றி வருவான். புதிதாக ஒரு மவுத் ஆர்கன் வாங்கியிருந்தான். நடந்துகொண்டே இழுப்பான். அந்தச் சத்தம் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. சில வாரத்தில் அது நின்றுவிட்டது. ஏன்டா வாசிக்கவில்லை என்று கேட்டேன்.

"கடைச் சரக்கு சரியில்ல அத்தை" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். மறுநாள் அவனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ராவாங்கில் மாறி ராசா போய்ச் சேரும் வரைக்கும் அவன் சீட்டில் உட்காரவில்லை. இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியருகே நின்றான்.

கார்த்திகேசு வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "வாங்க மதினி" என்று என்னைக் கூப்பிட்டான். மருமகனைப் பார்த்து, "வாங்க" என்று மட்டும் சொன்னான். நவமணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். இருசப்பனுக்கும் வைத்தாள். பிறகு உள்ளே போய் ஒரு மைலோ டின்னை எடுத்துவந்து பாயில் கவிழ்த்தாள்.

உள்ளே இருந்தவை எல்லாம் மவுத் ஆர்கன். நசுங்கினது, துருப்பிடித்தது, மூடி இல்லாதது. இருசப்பன் லோரியில் போன காலத்திலிருந்து உடைந்து தூக்கிப் போட்டவற்றை அவன் அம்மா சேர்த்து வைத்திருக்கிறாள். அந்த டின்னை நவமணி வரும்போது கையோடு கொண்டுவந்திருக்கிறாள்.

"பெரியம்மா, இதுல எது எது எங்க கல்யாணத்துக்கு முந்தினதுன்னு அவங்களையே பிரிச்சு வைக்கச் சொல்லுங்க."

இருசப்பன் நின்றபடியே காலால் தள்ளிக் காட்டினான். ஒன்றைத் தவிர எல்லாம் முந்தினவைதான்.

"அந்தக் காலத்துல யாரு புளி போட்டது?"

இருசப்பன் வாசலைப் பார்த்தான்.

அவள் எல்லாவற்றின் மூடியையும் ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கி எனக்குக் காட்டினாள். ஓர் ஓட்டைக்கு இரண்டு நாக்கு, ஊதினால் பேசுவது ஒன்று, இழுத்தால் பேசுவது ஒன்று. எந்தப் பெட்டியிலும் ஊதும் நாக்குக்குச் சேதமில்லை. எல்லாவற்றிலும் இடதுபக்கமிருந்து நாலாவது ஓட்டை, இழுக்கும் நாக்கு, அதுவும் அடியில் ஆணி அடித்திருக்கும் இடத்தை ஒட்டியே முறிந்திருந்தது. ஏதோ ஒரே ஆள் ஒரே கத்தியால் வெட்டினமாதிரி.

"நான் புளி போட்டது நெசந்தான் பெரியம்மா. போட்டிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் எல்லாச் சத்தமும் கொஞ்சம் கரகரப்பாத்தான் இருந்துச்சு. ஆனா புளி எல்லா நாக்கையுந்தானே தொட்டுச்சு? இது ஒண்ணு மட்டும் ஏன் சாகணும்?"

கார்த்திகேசு காற்றடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். நவமணி தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள். விரித்தாள், மடக்கினாள். விரித்தாள், மடக்கினாள்.

"மெதுவா அசைச்சா இது எத்தனை காலம் வேணாலும் அசையும். இவங்க பாட்டுல குழைவு வர்ற எடமெல்லாம் இந்த நாலாவதுதான். அதுல வச்சு இழுத்து, சத்தத்தக் கீழ வளைச்சு, வளைச்சபடியே மூச்ச அடிக்கிறாங்க. திருவிழாவுக்கு முந்தியே அந்தச் சத்தம் எறங்கிப்போச்சு. அடுப்படியில இருந்த எனக்கே கேட்டுச்சு. புளி வைக்கிறதுக்கு முந்தி, பெரியம்மா. 'ஒரு சத்தம் தொங்குதுங்க'ன்னு சொன்னேன். எறங்கினத ஏத்தறேன்னு இன்னும் பலமா இழுத்தாங்க."

ஊசி அவள் விரலிடையே பட்டென்று முறிந்தது.

"சட்டைப் பையில இருக்கறத எடுங்க" என்றாள், அவனைப் பார்க்காமலே.

"பையில என்னா இருக்கு? ஒண்ணுமில்ல."

"நடக்கும்போது ஒரு பக்கம் சட்டை தொங்குது. எடுங்க."

இருசப்பன் புதிய பெட்டியை எடுத்துக் கொடுத்தான். அவள் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வாசித்துச் சில வாரம் ஆகாத சாமான். நாலாவது ஓட்டையில் நாக்கு இல்லை.

கார்த்திகேசு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். "மாப்பிள்ளை, நீங்க தண்டவாளத்தையே இழுத்து ஒடிச்சிருவீங்க போலயிருக்கே!"

இருசப்பன் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான், மறுபடி வாசலுக்குப் போனான். கடைசியில் நிலையைப் பிடித்துக்கொண்டு, "சரி. என் மேலதான் தப்பு. கெளம்பு, போலாம்" என்றான்.

"இங்க சொல்றதுக்கு நீங்க ராசா வரவேணாம். எனக்குத்தான் தெரியுமே. எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சுச் சொல்லுங்க. என்னைப் புளிக்காரின்னு கூப்புட்டவங்க காதுல விழட்டும்."

"அம்மன் முன்னால சொன்னத எப்படிடி திருப்பி வாங்கறது? ஆம்பளைக்கு ஒரு சொல்லு..."

"அப்ப அம்மன் முன்னாலயே இருங்க. நான் இங்க இருக்கேன்."

வரும் வழியிலும் அவன் படியருகேதான் நின்றான்.

அடுத்த திருவிழா வரும் வரை ஓர் ஆண்டு அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. வேறொரு பெட்டி வாங்கி, பழம் வெட்டி முடித்ததும் மரங்களுக்கு நடுவே போய் மெதுவாக வாசித்துப் பழகினான். கையைப் பெட்டிமேல் கிண்ணம்போலக் குவித்து மூடித் திறந்தால் மூச்சை அடிக்காமலே சத்தம் பெரிசாகும் என்று ராசாவிலிருந்து நவமணி சொல்லி அனுப்பியிருந்தாள். அது வரும், கொஞ்ச நேரம். பிறகு மனசு பறந்துவிடும். பழைய லோரி இன்ஜின் காதில் ஓட ஆரம்பித்துவிடும்போல, பழையபடி இழுத்துவிடுவான். உடனே தானே நிறுத்தி, "அட, ச்சே!" என்று பெட்டியைத் தொடையில் தட்டுவான். மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து எங்களுக்குக் கேட்கும்.

எண்பத்தைந்தில் திருவிழாவுக்கு நவமணி வந்தாள். என் வீட்டில்தான் இறங்கினாள், விருந்தாளியாக. அவன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இருசப்பன் பின்வாசலாக வந்து என்னிடம் கிசுகிசுத்தான்.

"அத்தை, மொத லயத்துல வாசிச்சதும் சொல்லிர்றேன். அவகிட்டச் சொல்லிருங்க."

"நீயே சொல்லுடா."

"சொல்லத்தானே போறேன்!"

முதல் லயத்து முனையில் ரதம் நின்றது. கையைக் குவித்து மெதுவாக வாசித்தான். நன்றாகவே இருந்தது. முடிந்ததும் தொண்டையைச் செருமினான். எல்லோரும் பார்த்தார்கள். "நகருங்க, நகருங்க, ரதம் போவட்டும்" என்றான். இரண்டாவது லயத்தில் வாசித்தான், செருமினான், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூன்றாவதிலும் அப்படியே. நான் நவமணியின் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் கை அசையவேயில்லை. இன்னும் ஒரு லயந்தான் பாக்கி. அது முடிந்தால் ரதம் கோயிலுக்குள் போய்விடும்.

கடைசி முனையில் கூட்டம் அதிகம். ஐயாவு ஒரு நாள் முழுக்க அடித்த களைப்பிலும் வாய் அடங்கவில்லை.

"என்னா மச்சான், இந்த வருஷம் காதுக்குள்ள ரகசியம் சொல்றியா? பொண்டாட்டி ஊர்லேர்ந்து வந்ததும் சத்தம் அடங்கிப்போச்சு!"

உறுமியை ஓங்கி ஓங்கி அடித்தான். இருசப்பன் கண்ணைப் பார்த்தேன். அது அங்கே இல்லை. குவித்த கை பிரிந்தது, தாடை இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. வேண்டாம்டா, வேண்டாம்டா என்று எனக்கு வாய்வரை வந்தது. பாட்டு உச்சத்துக்கு ஏறியது. டிணுக்.

எனக்கு மட்டுமல்ல, முன்வரிசைக்கே கேட்டது. உறுமி நின்றது. அவன் நாலாவது ஓட்டையில் இழுத்துப் பார்த்தான். காற்று. இன்னொரு தடவை இழுத்தான். காற்று.

ஒரு தலை திரும்பியது. பிறகு எல்லாத் தலையும் திரும்பியது. "புளிக்காரி வந்திருக்கா இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டோர் வீட்டம்மா நவமணியிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். நவமணி என் கையை விட்டுவிட்டாள்.

இருசப்பன் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"யாரும் அவளப் பாக்காதீங்க! இத வாங்கினதுலேர்ந்து எவ கையிலயும் குடுக்கல. புளி கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. நான்தான் இழுத்தேன். போன வருஷமும் நான்தான். அதுக்கு முந்தி ஒடைஞ்சதெல்லாமும் நான்தான்."

நவமணிதான் பேசினாள், நின்ற இடத்திலிருந்து, சாதாரணமாக.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இருசப்பன் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தான்.

"நான்தான் ஒடைச்சேன்! நவமணி மேல தப்பு இல்ல! அம்மன் சாட்சி!"

செம்பனை மரங்களில் அடங்கியிருந்த மைனாக்கள் கலைந்து பறந்தன. அவ்வளவு சத்தம். ஐயாவு, "மச்சான், இத மொதல்லயே வாயால பாடியிருந்தா பெட்டியே வேணாமே லா!" என்றான். அப்போதுதான் கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஆனால் இந்தச் சிரிப்பில் முள் இல்லை.

பாட்டைப் பாதியில் விடக்கூடாது அல்லவா? மிச்சத்தை வாசித்தான். நாலாவது ஓட்டை வரும் இடத்தில் பெட்டியை எடுத்துவிட்டுத் தொண்டையாலேயே பாடி நிரப்பினான். ரதம் கோயிலுக்குள் போனதும் மண்டோர் வீட்டம்மா கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். பிறகு எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த தூக்கு விளக்கை எடுத்து நவமணியிடம் நீட்டி, "நாளைக்குத் தேய்க்கணும்" என்றாள். நவமணி வாங்கிக்கொண்டாள். என் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அவன் லயத்துப் பாதையில் நடந்தாள்.

பேர் உடனே போய்விட்டதா என்றால் போகவில்லை. பெரியவர்கள் விட்டார்கள், பிள்ளைகள் விடவில்லை. குழாயடியில் ஏதாவது ஒரு வால் "புளிக்காரி" என்று கத்திவிட்டு ஓடும். இருசப்பன் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு லயம் லயமாகத் துரத்துவான். அவனுக்கு ஓடுவது ஒன்றும் சிரமமில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் பிள்ளைகளுக்கே மூச்சு வாங்கி, விட்டுவிட்டார்கள்.